அன்பினாலும் பிரியத்தினாலும் ஒரு வேலி

பதினெட்டு வயதில் நான் ஒரு வேலி நஞ்சைக்கு மிராசுதாராக இருந்தேன். மொத்தம் பத்தொன்பது நாள். அதற்கு முன்னால் மூன்று வருடமும் நான்தான் மிராசுதார் என்று பிறகு தெரிந்தது. ஆனால் தெரியாமல் வகித்த பதவியைச் சொல்லிக்கொள்வதில் என்ன பெருமை? ஆகவே பத்தொன்பது நாள் என்றே வைத்துக்கொள்கிறேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வேலி என்றால் இருபது மா. ஏக்கரில் ஆறரைக்குக் கொஞ்சம் மேல். அத்தனை நிலத்தை வைத்துக்கொண்டு அந்தப் பத்தொன்பது நாளும் நான் பட்ட கவலை ஒன்றே ஒன்றுதான்: எனக்கு ஒரு குழி நிலம்கூட இல்லை என்று எப்படி நிரூபிப்பது?

நான் கல்லூரியில் படித்தது அரசாங்க உதவித்தொகையில். எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கல்லூரி தஞ்சாவூரில். சம்பளமும் விடுதிச் சாப்பாடும் அந்தத் தொகையில்தான் ஓடின. அது நின்றால் நான் மறுநாளே மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கு வந்து, என் அப்பாவைப் போலப் பண்ணையில் வேலைக்கு நிற்க வேண்டியதுதான். அதில் எனக்கு இருந்த கஷ்டத்தைவிடப் பண்ணைக்குத்தான் அதிகக் கஷ்டம். என்னை நாற்றுப் பறிக்க விட்டால் வேர் சேற்றிலும் தலை என் கையிலும் இருக்கும். வரப்பில் நடந்தால் பத்தடிக்கு ஒரு முறை வயலுக்குள் இறங்கிவிடுவேன். இறங்க வேண்டும் என்று இறங்குவதில்லை, கால் அப்படி. பையன் படிக்கட்டும் என்று ஊரே சேர்ந்து முடிவு செய்ததற்கு என் அறிவு ஒரு காரணம் என்றால் என் கால்கள் இன்னொரு காரணம்.

உதவித்தொகையை வாங்குவதில் பெரிய சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. விடாமல் வைத்துக்கொள்வதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். பாஸ் செய்திருக்க வேண்டும், முக்கால்வாசி நாள் வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும், நல்லவன் என்று முதல்வர் எழுதித் தர வேண்டும், ஏழை என்று தாசில்தார் எழுதித் தர வேண்டும். புகுமுக வகுப்பில் முதல் மூன்றையும் எப்படியோ தேற்றிவிட்டேன். வருகைப் பதிவு மட்டும் ஒரு மயிரிழையில் தப்பியது. நல்லவன் என்ற சான்றிதழில் முதல்வர் என் முகத்தைப் பார்க்காமலே கையெழுத்திட்டதால் அதிலும் தொல்லை இல்லை. நாலாவது விஷயத்தில் எனக்குக் கவலையே இல்லை. ஏழை என்பதற்கு நாங்கள் சான்றிதழ் கேட்டுப் போக வேண்டியதில்லை, வீட்டைக் காட்டினாலே போதும் என்று நினைத்திருந்தேன்.

பி.ஏ. முதல் வருடம் புதுப்பிக்கப் போனபோது படிவம் மாறியிருந்தது. பழைய படிவம் அப்பாவின் சொத்தை மட்டும் கேட்டது. புதிதில் பதினோராவது பத்தி என்று ஒன்று முளைத்திருந்தது: மாணவர் பெயரில் உள்ள அசையாச் சொத்து. எனக்குச் சிரிப்பு வந்தது. என் பெயரில் இருந்த அசையாச் சொத்து கணக்குப் பாடம் ஒன்றுதான். அதை எவ்வளவு தள்ளியும் அசைக்க முடியவில்லை.

படிவத்தை எடுத்துக்கொண்டு ஊர்க் கர்ணத்திடம் போனேன். ஊர் நிலங்களின் பதிவேடு அவரிடம்தான். அவர் எழுதிக் கொடுத்தால்தான் தாசில்தார் கையெழுத்துப் போடுவார். கர்ணம் பேனாவைத் திறந்தார், பதினோராவது பத்தி வரைக்கும் மளமளவென்று வந்தார், பேனாவை மூடினார்.

"இதை யாருடா போடச் சொன்னது?" என்றார்.

சர்க்கார் என்றேன்.

"சர்க்காருக்கு வேற வேலை இல்லையா?" என்று சலித்துக்கொண்டு, பெரிய நோட்டைப் பிரித்து ஒரு வரியில் விரலை வைத்தார். என் பெயர். அப்பா பெயர். ஒரு வேலி நஞ்சை. வாய்க்காலுக்கு மேற்கே, பம்பு செட்டுக்கு வடக்கே. பண்ணையின் நிலங்களிலேயே அதுதான் நல்ல மண்.

"உனக்கு எதுக்குடா உதவித்தொகை? நீ மிராசுதாரு" என்றார் கர்ணம். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை.

விஷயம் இதுதான். ஆட்சி மாறி, நில உச்சவரம்பைப் பதினைந்து ஏக்கராகக் குறைத்துச் சட்டம் வந்தபோது எங்கள் பண்ணைக்காரர் தன் நிலங்களைப் பல பெயர்களில் பிரித்து எழுதிவிட்டார். சமையல்காரர் பெயரில் கொஞ்சம், வண்டியோட்டி பெயரில் கொஞ்சம், தூரத்து உறவினர்கள் பெயரில் கொஞ்சம். டெல்டா முழுக்க அப்போது நடந்த வைபவம்தான். நிலம் தாளில் ஊர் சுற்றும், நெல் மட்டும் பழைய களஞ்சியத்துக்கே வந்து சேரும். ஆனால் எங்கள் பண்ணைக்காரருக்கு ஒரு பயம் இருந்தது. அது கொடிகளும் தடிகளும் அடிக்கடி எதிரெதிரே நின்ற காலம். கூலிக்காரர்கள் சங்கம் வைத்திருந்தார்கள். பெரியவர்கள் பெயரில் எழுதினால் நாளைக்குச் சங்கத்தில் சேர்ந்துகொண்டு நிலம் என்னுடையது என்று சொல்லிவிடுவார்கள். பள்ளிக்கூடம் போகிற பையன் பெயரில் எழுதினால் என்ன? அவனுக்கு ஒன்றும் தெரியாது, அவன் அப்பனோ வாயில்லாப் பூச்சி. ரொம்பப் பாதுகாப்பான இடம் என்று பார்த்து என்னிடம் வைத்தார். அந்தப் பையன் ஒரு நாள் கல்லூரிக்குப் போய், தான் ஏழை என்று சர்க்காரிடம் சான்றிதழ் கேட்பான் என்பது அவருக்குத் தோன்றவில்லை. எனக்கே தோன்றாத ஒன்று அவருக்கு எப்படித் தோன்றும்?

கர்ணத்தின் சங்கடம் நியாயமானது. எனக்கு நிலம் இருக்கிறது என்று எழுதினால் உதவித்தொகை போய்விடும். இல்லை என்று எழுதினால், அப்படியானால் அந்த வேலி யாருடையது என்று மேலிருந்து யாராவது கேட்பார்கள். படிவம் கொடுக்கக் கடைசித் தேதிக்கு இருபது நாள் இருந்தது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன். அப்பாவுக்கு உடனே நினைவு வந்துவிட்டது. ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் பண்ணையின் காரில் முன்சீட்டில் உட்காரவைத்து அழைத்துப் போனார்களாம். பல தாள்களில் கைநாட்டு வைத்தாராம். பிறகு ஓட்டலில் நாலு இட்லியும் ஒரு காப்பியும். எதற்குக் கைநாட்டு என்று அவர் கேட்கவில்லை. ஏதோ கல்யாணத்துக்குச் சாட்சி என்று நினைத்திருந்தார்.

"சட்டினி ரெண்டு வகை வச்சாங்க" என்றார், மூன்று வருடம் கழித்தும் மரியாதையோடு.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அப்ப அந்தப் பம்பு செட்டு வேலி நம்மளுதா?"

தாளில் மட்டும் என்றேன்.

"தாளுல இருந்தா என்ன, நெலமும் அங்கதானே இருக்கு? ஓடியா போச்சு?"

அப்பா பதறிப்போய் அவளை வாயை மூடச் சொன்னார். இது வெளியே தெரியக் கூடாது என்று நானும் சத்தியம் வாங்கிக்கொண்டேன். அம்மா சத்தியத்தைக் காப்பாற்றினாள். தெருவில் யாரிடமும் ஒரு தடவைக்கு மேல் சொல்லவில்லை.

மறுநாள் என் நிலத்தைப் பார்க்கப் போனேன். இதை ஒப்புக்கொள்ள வெட்கமாக இருக்கிறது, ஆனால் போனேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பண்ணைக்காரர் நடப்பதைப் போலவே வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு, வரப்பில் நடந்தேன். வயிறு இல்லாததால் காற்றைத்தான் தள்ள முடிந்தது. வாய்க்காலில் தண்ணீர் வந்து, குறுவை நடவுக்குச் சேறு அடித்துத் தயாராக இருந்தது. ஆனால் நடவு நடக்கவில்லை. பெண்கள் எல்லாரும் வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். நாள் கூலி நெல்லில் அரைப் படி கூட்டித் தர வேண்டும் என்று சங்கம் கேட்டிருந்தது. சுற்றுவட்டாரத்தில் எல்லாப் பண்ணைகளும் ஒப்புக்கொண்டுவிட்டன. எங்கள் பண்ணைக்காரர் மட்டும் பிடிவாதமாக மறுத்ததால் ஐந்து நாளாக வேலைநிறுத்தம். வரப்பில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தது என் அம்மா.

"மிராசுதாரு வர்றாரு, எந்திரிங்கடி" என்றாள் ஒருத்தி. யாரும் எழுந்திருக்கவில்லை.

"வாங்க மிராசுதாரே" என்றாள் என் அம்மா. "அரைப் படி கூட்டுறீங்களா, இல்ல நாங்க இப்படியே ஒக்காந்திருக்கட்டுமா?"

யோசித்துப் பாருங்கள். நிலம் என்னுடையது. வேலைநிறுத்தம் என் நிலத்தில். செய்கிறவள் என் அம்மா. கோரிக்கையை நிராகரித்தால் சாயங்காலம் எனக்குச் சோறு போட வேண்டியவளும் அவளே. இப்படியொரு நிலைமையில் எந்த மிராசுதாரும் மாட்டியதில்லை. பேச்சுவார்த்தைக்குத் தயார் என்று சொல்ல ஒரு அடி முன்னால் வைத்தேன். கால் தன் வழக்கப்படி வயலுக்குள் இறங்கிவிட்டது. முழங்கால் வரை சேறு. தூக்கிவிட ஒருத்தியும் வரவில்லை. வேலைநிறுத்தத்தில் இருக்கிறார்களாம்.

அதற்குள் கர்ணம் பண்ணைக்காரரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார். பண்ணைக்காரர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அதுவரை அந்த வீட்டின் மாட்டுக் கொட்டகைக்கு அப்பால் நான் போனதில்லை. அன்று வாசல் வழியாக வரச் சொன்னார்கள். கூடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள்.

"உட்காருங்க தம்பி" என்றார் பண்ணைக்காரர்.

அந்த 'ங்க'வைக் கேட்டு நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன், வேறு யாராவது வந்திருக்கிறார்களா என்று. அப்பா மட்டும்தான் வாசலுக்கு வெளியே துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். ஆண்டே என்று கூப்பிடக் கூடாது என்று சங்கம் சொல்லியிருந்தது, ஐயா என்று கூப்பிடப் பழக்கமில்லை. ஆகவே அவர் கொஞ்ச நாளாகப் பண்ணைக்காரரிடம் பேசுவதையே தவிர்த்துவந்தார்.

பண்ணைக்காரர் சுற்றி வளைக்கவில்லை. படிவம் கிடக்கட்டும், சர்க்கார் எவ்வளவு தருகிறதோ அதை மாதாமாதம் தானே தந்துவிடுவதாகச் சொன்னார். முதல் தேதி வந்து வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். நிலம் என் பெயரிலேயே இருக்கட்டும், பேச்சு வெளியே வர வேண்டாம். எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது. உண்மையைச் சொன்னால் ரொம்பவே பிடித்திருந்தது. வருகைப் பதிவு தேவையில்லை, பாஸ்கூடச் செய்ய வேண்டியதில்லை. வாயெல்லாம் பல்லாக வீட்டுக்கு வந்து சொன்னேன்.

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"முதத் தேதி எந்த வாசல்ல போயி நிப்பே?"

இன்றைக்கு முன்வாசல். அடுத்த மாதம்?

"கூலி நெல்லுக்கு நான் நிக்கிற எடத்துலதான் நீயும் நிப்பே. அதுக்குக் காலேஜ் எதுக்கு? சர்க்கார் பணத்த வாங்குறவன் மணியார்டர்ல கையெழுத்து போட்டு வாங்குறான். அதையே வாங்கு."

முறத்தை எடுத்து மறுபடி புடைக்க ஆரம்பித்தாள். மறுநாள் கர்ணத்திடம் போய், உதவித்தொகைதான் வேண்டும், என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். பண்ணைக்காரருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் நான் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு தாலுகா ஆபீஸ், தாலுகா ஆபீஸ் என்று சொல்லிக்கொண்டிருந்தது அதைவிடப் பிடிக்கவில்லை.

பெயரை எடுப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. திரும்பப் பண்ணைக்காரர் பெயருக்கே மாற்றினால் உச்சவரம்பு இடிக்கும். ஆகவே மாயவரத்திலிருந்து அவருக்கு வாய்த்திருந்த புது மாப்பிள்ளையின் பெயருக்கு மாற்றுவது என்று முடிவாயிற்று. விற்றதாக எழுதலாமா என்றால், கர்ணம் தலையில் அடித்துக்கொண்டார். ஒரு வேலியை விற்றவனிடம் அந்தப் பணம் எங்கே என்று கல்லூரியில் கேட்பார்கள், அப்போதும் உதவித்தொகை போய்விடும். எனவே தானமாக எழுதுவதுதான் ஒரே வழி. மேலும், ஜூன் ஒன்றாம் தேதியோடு எனக்குப் பதினெட்டு வயது முடிந்திருந்தது. எங்கள் ஊரில் பாதிப் பேர் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்தான். பள்ளியில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டருக்கு எளிதாக நினைவிருக்கும் தேதி அது. ஆகவே இந்த முறை அப்பாவின் கைநாட்டு செல்லாது, என் கையெழுத்துத்தான் வேண்டும்.

"அவங்களுக்கு ஒன் கையெழுத்து வேணுமா?" என்று அம்மா இரண்டு தடவை கேட்டாள். பிறகு, "நான் வர்ற வரைக்கும் போடாதே" என்று மட்டும் சொன்னாள்.

பத்தொன்பதாம் நாள் காலை பண்ணையின் காரில் முன்சீட்டில் டவுனுக்குப் போனேன். நாலு இட்லி, ஒரு காப்பி. சட்டினி இரண்டு வகை. அப்பா பொய் சொல்லவில்லை.

ரிஜிஸ்தர் ஆபீசில் பத்திரத்தை வாசித்தார்கள். மாயவரத்து மாப்பிள்ளையாகிய தங்கள் பேரில் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும், ஒரு வேலி நஞ்சையை, தாங்கள் புத்திர பௌத்திர பாரம்பரியமாக ஆண்டு அனுபவித்துக்கொள்ள, நான் சந்தோஷமாகத் தானம் கொடுத்திருந்தேன். அவரை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அன்பும் பிரியமும் எந்தப் பக்கத்திலிருந்தும் தென்படவில்லை. நல்ல மனிதர்தான். வாசித்து முடித்ததும் என்னைப் பார்த்து, "ரொம்ப தேங்க்ஸ்" என்றார்.

யாருடைய கட்டாயமும் இல்லாமல், சுயபுத்தியோடுதான் எழுதிக் கொடுக்கிறீரா என்று பதிவாளர் கேட்டார். பேனாவைக் கையில் கொடுத்தார்கள். "அம்மா வரணுங்க" என்றேன்.

ஆபீசே சிரித்தது. ஒரு வேலியைத் தானம் செய்யும் வள்ளல் அம்மாவைக் கேட்டால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? பண்ணைக்காரர் சிரிக்கவில்லை. வாசலைப் பார்த்தார். அங்கே புளியமரத்தடியில் அம்மாவும் இன்னும் நாலு பெண்களும் நின்றுகொண்டிருந்தார்கள். ஊரிலிருந்து நடந்தே வந்திருந்தார்கள். வேலைநிறுத்தத்தில் இருந்ததால் அவர்களுக்கு நேரம் இருந்தது.

பண்ணைக்காரர் வெளியே போனார். நானும் பேனாவோடு பின்னால் போனேன்.

"உனக்கு என்ன வேணும், சொல்லு" என்றார் அம்மாவிடம்.

"எனக்கு ஒண்ணும் வேணாங்கய்யா" என்றாள் அம்மா. "மிராசுதாரு எம் மவன். நாங்க அவன்கிட்டதான் அரைப் படி கேட்டோம். அவனும் சரின்னுட்டான். இல்லையாடா?"

எனக்கு இது புதுச் செய்தி. தலையாட்டினேன்.

"அதான். கூலிய ஏத்திட்டுத்தான் தானம் குடுக்கறான். ஏத்துன கூலிய புது மிராசுதாரு கொறைக்கப்படாது. அதைச் சொல்லிட்டீங்கன்னா அவன் உள்ள போயி கையெழுத்து போட்டுருவான். நடவும் கெடக்கு."

பண்ணைக்காரர் கொஞ்ச நேரம் புளியமரத்தைப் பார்த்தார். ஒரு வேலியில் அரைப் படி ஏற்றினால் எல்லா வேலியிலும் ஏற்ற வேண்டியதுதான், அது அவருக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். உள்ளே கறுப்புக் கண்ணாடி மாப்பிள்ளை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்றங்காலில் பறிக்காமல் விட்ட நாற்று வேறு முற்றிக்கொண்டிருந்தது.

"நாளைக்கு எறங்கச் சொல்லு" என்றார்.

"அரைப் படிங்களா?"

"அரைப் படிதான். போடச் சொல்லு அவனை."

போட்டேன். எனக்கு நினைவு தெரிந்து என் கையெழுத்து அவ்வளவு அழகாக வந்ததில்லை.

சான்றிதழுக்குக் கர்ணமே தாலுகா ஆபீசில் வரிசையில் நின்று கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தார். அவசரம் இப்போது என்னைவிட அவர்களுக்கு அதிகம். சாயங்காலம் ஊர் திரும்பியபோது சங்கத்தின் செயலாளர் எங்கள் வீட்டு வாசலில் காத்திருந்தார். அரைப் படிக்குச் சந்தோஷப்பட வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"சட்டப்படி அது உன் நிலம்டா" என்றார். "கோர்ட்டுக்குப் போனாலும் அவரால அசைக்க முடியாது. ஒரு வேலியக் குடுத்துட்டு அரைப் படிய வாங்கிட்டு வந்திருக்கே. இதுக்குத்தான் காலேஜுக்குப் போனியா?"

அவர் சொன்னது சரி. அப்போதே சரி என்று தெரிந்தது. நாங்கள் இருந்த குடிசை பண்ணையின் மனையில் இருந்தது என்பதையும், கோர்ட்டுக்குப் போனால் தீர்ப்பு வருவதற்குள் படிவத்துக்குக் கடைசித் தேதி நூறு தடவை போய்விடும் என்பதையும் சொல்லலாமா என்று பார்த்தேன். அதற்குள் அம்மா பதில் சொல்லிவிட்டாள்.

"இவனுக்கு வரப்புல நடக்கத் தெரியாதுங்க. நெலத்த வச்சுக்கிட்டு என்ன பண்ணுவான்?"

செயலாளருக்கும் என் கால்களைப் பற்றித் தெரியும். அதற்கு மேல் வாதாடவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வியை நான் இன்னும் என்னிடம் கேட்டுக்கொள்வதுண்டு. ஒவ்வொரு முறையும் வேறு வேறு பதில் வருகிறது.

மறுநாள், கடைசித் தேதியன்று, படிவத்தோடு கல்லூரி அலுவலகத்தில் நின்றேன். உதவித்தொகைப் பிரிவின் குமாஸ்தா பாபநாசம் பக்கத்துக்காரர், எதையும் இரண்டு தடவை படிப்பவர். பதினோராவது பத்தியில் இல்லை என்று இருந்தது. ஆனால் கர்ணம், பிற்பாடு ஏதும் வம்பு வரக் கூடாதென்று, தானப் பத்திரத்தின் நகலையும் சேர்த்துத் தைத்திருந்தார். குமாஸ்தா அதையும் இரண்டு தடவை படித்தார்.

"ஒரு வேலிய தானம் பண்ணிட்டு, விடுதிச் சாப்பாட்டுக்கு விண்ணப்பம் போடுறியா?" என்றார்.

வேறு வழியில்லாமல் நடந்ததை எல்லாம் சொன்னேன். இட்லியைக்கூட விடவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். என் உயிர் அவர் கையிலிருந்த முத்திரைக் கட்டையில் இருந்தது.

"எங்க ஊர்ல தொட்டில்ல கெடக்கற குழந்தை பேர்ல ஒம்பது மா இருக்கு" என்றார் கடைசியில். "அது காலேஜுக்கு வரும்போது நான் ரிடையர் ஆயிருப்பேன். நல்ல வேளை."

முத்திரையைக் குத்தினார்.

மூன்று மாதம் கழித்து மணியார்டர் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அடுத்த வருடம் மறுபடி புதுப்பிக்கப் போனேன். பாஸ் செய்திருந்தேன், வருகைப் பதிவு வழக்கம்போல மயிரிழையில் தப்பியிருந்தது, பதினோராவது பத்தியில் தைரியமாக இல்லை என்று எழுதியிருந்தேன். குமாஸ்தா இரண்டு தடவை படித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இந்த வருஷம் யாருக்காவது ஏதாவது தானம் பண்ற உத்தேசம் உண்டா?"

இல்லைங்க சார் என்றேன்.

"அப்ப சரி" என்று முத்திரைக் கட்டையை எடுத்தார்.